கல்லைப் பார்க்க வைக்கும் விளையாட்டு

பாரம்பரியச் சின்னங்களைக் காண வருவோரில் பலர் அறிவிப்புப் பலகையைப் பாதி படித்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர்களை ஒரு சுவரின் முன் சில நிமிடங்களாவது நின்று கவனிக்கச் செய்ய உதவுபவை இடஞ்சார் விளையாட்டுகள். ஆட்டக்காரர் உண்மையில் எங்கே நிற்கிறார் என்பதைக் கைப்பேசி அறிந்துகொண்டு, அதற்கேற்ப அடுத்த கட்டத்தைத் திறக்கிறது.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தங்கள் அணுக்கடிகார நேரத்தை வானொலி அலைகளில் இடைவிடாமல் அனுப்புகின்றன. அலை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். மூன்று தொலைவுகள் போதும் என்று தோன்றினாலும், கைப்பேசிக் கடிகாரத்தின் பிழையையும் சேர்த்துக் கண்டறிய வேண்டியிருப்பதால் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படுகின்றன. மைக்ரோ விநாடி ஒன்று பிசகினாலே தொலைவு 300 மீட்டர் மாறிவிடும். பொதுமக்களுக்கான அலைகளில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு நீக்கியது. சில நாள்களிலேயே, ஒளித்துவைத்த பெட்டியை ஆயத்தொலைவுகளின் துணையால் தேடும் ஜியோகேச்சிங் பிறந்துவிட்டது.

திறந்தவெளியில் கைப்பேசியின் பிழை ஏறத்தாழ ஐந்து மீட்டர்தான். ஆனால், பழைய கட்டடங்கள் இந்தத் தொழில்நுட்பத்துக்கு இணங்கிவருவதில்லை. தடித்த மதில்கள் அலையை மறைக்கின்றன; குறுகிய சந்துகளில் அது சுவர்களில் பட்டுத் தெறித்து நீண்ட வழியில் வந்துசேர்வதால், ஆட்டக்காரர் பக்கத்துத் தெருவில் நிற்பதாகக் கணக்கு காட்டும். ஆகவே வடிவமைப்பாளர்கள் ஒவ்வோர் இடத்தையும் புள்ளியாகக் கொள்ளாமல், பல மீட்டர் ஆரமுள்ள வட்டமாக வரைந்து, அதற்குள் சில விநாடிகள் தொடர்ந்து நின்றால்தான் வந்துவிட்டதாக ஏற்கிறார்கள். கூரைக்கு அடியில், ஆட்டக்காரர் அருகே வந்துவிட்டதைக் குறுந்தொலைவு அலையால் கைப்பேசிக்கு உணர்த்தும் சிறு புளூடூத் கருவிகள் உதவும். தொன்மையான சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதால், அவற்றைத் தனித் தாங்கிகளில் வைக்க வேண்டியிருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட நம்பகமான வழி, நல்ல கேள்வி என்பதே என் துணிபு. இந்தத் தூணில் மேலிருந்து மூன்றாம் வரிசையில் எந்த விலங்கு செதுக்கப்பட்டிருக்கிறது, இந்தச் சுவரின் கற்கள் எந்த உயரத்திலிருந்து நிறம் மாறுகின்றன என்று கேட்டால், விடையே ஆட்டக்காரர் அங்கு நின்று பார்த்ததற்குச் சான்றாகிறது. நிறம் மாறும் இடம் பிற்காலத்தில் சுவர் உயர்த்தப்பட்டதைக் காட்டுவதாக இருக்கலாம். அதைத் தானே கண்டுபிடித்தவருக்கு அடுத்து வரும் விளக்கம் தேவைப்படும் விளக்கமாகிவிடுகிறது. திரையில் மிதக்கும் நாணயத்தைத் தொட்டு மதிப்பெண் பெறும் ஆட்டத்தில் இது நிகழாது. அங்கே கட்டடம் வெறும் பின்னணி.

2005-இல் ஆம்ஸ்டர்டாமில் பள்ளி மாணவர்களுடன் சோதிக்கப்பட்ட ‘ஃப்ரீக்வென்சி 1550’ இதை இன்னொரு வழியில் அணுகியது. அந்நகரின் இடைக்கால வரலாற்றைக் கற்பிக்க உருவான அந்த விளையாட்டில், ஒரு பகுதியினர் தெருக்களில் நடக்க, மற்றவர்கள் கணினியில் வரைபடம் பார்த்து அவர்களை வழிநடத்தினர். கண்டதைச் சொல்லிப் பகிர வேண்டிய கட்டாயமே கவனத்தைக் கூர்மையாக்கும் என்பதால், இந்த வேலைப்பிரிவினை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

எல்லாரையும் ஒரே வரிசையில் அனுப்பினால் ஒரே வாசலில் நெரிசல் உண்டாகி, தேய்ந்த படிகள் மேலும் தேயும். குழுக்களுக்கு வெவ்வேறு தொடக்க இடங்களைத் தருவது இதற்கு எளிய தீர்வு. எங்கே விளையாடவே கூடாது என்பது அதைவிடக் கடினமான கேள்வி. 2016 ஜூலையில் ‘போகிமான் கோ’ என்ற இடஞ்சார் கைப்பேசி விளையாட்டு வெளியானபோது அதன் இலக்குகள், நாஜி வதைமுகாம் இருந்த ஆஷ்விட்ஸ் நினைவிடத்திலும் அணுகுண்டுக்குப் பலியானோரை நினைவுகூரும் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவிலும் தோன்றின. இரு இடங்களின் பொறுப்பாளர்களும் அவற்றை நீக்கக் கோரினர். மென்பொருளைப் பொறுத்தவரை தடை செய்யப்பட்ட பகுதியும் ஒரு வட்டம்தான். அதை வரையும் பொறுப்பை நிரலாளரிடம் மட்டும் விடாமல், அந்த இடத்தைப் பேணுவோரும் அங்கே துயரடைந்தோரின் வழிவந்தவர்களும் முதல் வரைபடத்திலேயே பங்கேற்க வேண்டும்.