கொருக்குப்பேட்டைக்கு எத்தனை எழுத்து?

எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்குப் பார்சல் லேபிள் அடிக்கும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். சி என்ற கணினி மொழியில்தான். ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் போட்ட வரைக்கும் ஒரு குறையும் வந்ததில்லை. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ‘ஊரு பேரெல்லாம் தமிழ்லயே வரட்டும்’ என்றார் கடைக்காரர். அரைநாள் வேலை என்று நினைத்து மாற்றிக் கொடுத்தேன். அன்றைக்குச் சாயங்காலமே போன்.

“இன்னா தம்பி, கொருக்குப்பேட்டைல பேட்டையவே காணோம்?”

போய்ப் பார்த்தேன். ராயபுரம், காசிமேடு, எண்ணூர் மூன்றும் ஒழுங்காக இருந்தன. கொருக்குப்பேட்டை மட்டும் ‘கொருக்குப்’ என்று நின்று, பக்கத்தில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி. வண்ணாரப்பேட்டை ‘வண்ணாரப்பே’ ஆகியிருந்தது. தண்டையார்பேட்டை இன்னும் மோசம்: ‘தண்டையார்ப’. கடைப்பையன் ஒவ்வொரு லேபிளிலும் மிச்சத்தைப் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தான். வடசென்னையில் பேட்டைக்கா பஞ்சம்?

சி மொழியில் எழுத்தை வைக்கிற பெட்டிக்கு ‘சார்’ என்று பெயர். (வாத்தியாரைக் கூப்பிடுகிற சாரும் இதுவும் ஒரே உச்சரிப்பு. “சார், இந்த சார் எத்தனை பைட் சார்?” என்று கேட்காத வகுப்பே தமிழ்நாட்டில் இருந்திருக்காது.) பதில்: ஒரு பைட், அதாவது நினைவகத்தின் ஒரு அலகு. நம் கையில் புழங்கும் எந்தக் கணினியிலும் அது எட்டு பிட், 0 அல்லது 1 வைக்கும் எட்டு இடம். அதில் 256 மதிப்புகள் அடங்கும். ஆங்கிலத்துக்கு அது தாராளம். உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுப் பட்டியலான யூனிகோட் தமிழுக்கு ஒதுக்கிய இடமோ 2944-இலிருந்து 3071 வரை. ‘க’வின் எண் 2965. அது ஒரு சார் பெட்டிக்குள் நுழையவே நுழையாது.

நுழையாததை உடைத்துப் பல பெட்டிகளில் வைக்கும் முறைதான் யூடிஎஃப்-8. 1992-இல் கணினி வல்லுநர்கள் கென் தாம்ப்ஸனும் ராப் பைக்கும் நியூஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் போட்ட கணக்கு அது. அந்தக் கணக்குப்படி ‘க’ என்பது 224, 174, 149 என்று மூன்று பைட். தமிழுக்கான அந்த 128 இடங்களில் எதை எடுத்தாலும் மூன்று பைட்தான், முதல் பைட் 224-தான். அடுத்தடுத்து வரும் தொடர் பைட்டுகள் எப்போதும் 128-க்கும் 191-க்கும் நடுவில் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு நடுவில் ஒரு பைட்டைத் தொட்டாலும், இது தலையா வாலா என்று மதிப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். எனக்குத் தெரிந்து இதைவிடச் சுத்தமான வடிவமைப்பு கணினி உலகில் ரொம்பக் கம்மி.

இப்போது கொருக்குப்பேட்டையை எண்ணிப் பாருங்கள். நம் கண்ணுக்கு எட்டு எழுத்து: கொ, ரு, க், கு, ப், பே, ட், டை. யூனிகோடுக்கு எட்டு இல்லை, பதினாறு. உயிர்மெய்யில் மெய்யின் உடல் ஒரு எண், அதோடு ஒட்டும் கொம்பும் காலும் சுழியும் தனி எண், புள்ளிக்கும் தனி எண். பதினாறை மூன்றால் பெருக்கினால் 48 பைட். எழுத்துச் சரத்தின் நீளத்தைக் கேட்டால் சி சொல்கிற எண் இந்த 48-தான். அதற்குத் தெரிந்தது பைட் மட்டும்.

நான் ஊர்ப்பெயருக்கு ஒதுக்கியிருந்தது 32 பைட். முடிவைக் காட்டும் பூஜ்யத்துக்கு ஒன்று போக 31. பத்து யூனிகோட் எண்களுக்கு 30 பைட் போய்விட்டது. ‘கொருக்குப்’ முடிவது சரியாக அங்கேதான். 31-ஆவது இடத்தில் அடுத்த ‘ப’வின் தலையான 224 மட்டும் தனியாக வந்து உட்கார்ந்தது. உடலில்லாத தலை, அதுதான் அந்தச் சாய்சதுரம். ராயபுரமும் காசிமேடும் 24 பைட் என்பதால் தப்பித்தன.

இந்த இடத்தில், சாரில் ஒளிந்திருக்கும் இன்னொரு கண்ணியையும் சொல்லிவிடுகிறேன். சார் என்பது கழித்தல் மதிப்பை வைக்குமா வைக்காதா என்று சி மொழியின் தரநிர்ணயம் சொல்லவில்லை. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரைச் செய்பவர் விருப்பம் என்று விட்டுவிட்டது. மேசைக் கணினியில் பெரும்பாலும் வைக்கும்: 224-ஐப் போட்டால் -32 என்று திரும்பி வரும். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் பலகை மாதிரி ஆர்ம் சிப்பில் ஓடும் லினக்ஸில் அதே 224 அப்படியே 224. ‘மதிப்பு 127-க்கு மேல் என்றால் தமிழ்’ என்று ஒரு சோதனை எழுதினால், சின்ன பலகையில் வேலை செய்யும். கடைக் கணினியில் அந்த நிபந்தனை ஒருநாளும் உண்மையாகாது. இடைவெளியா, எழுத்தா என்று பார்க்கும் நூலகச் செயற்கூறுகளுக்கு (சி மொழியோடு வரும் தயார் நிரல் துண்டுகள்) -32-ஐக் கொடுத்தால் இன்னும் விபரீதம். அவை உள்ளே ஒரு அட்டவணையில் -32-ஆவது கட்டத்தைத் தேடிப் போகலாம். பைட்டைப் பரிசோதிக்கும்போதெல்லாம் கழித்தல் மதிப்பே வைக்காத அன்சைன்ட் சார் ஆக்கிவிட்டுப் பரிசோதியுங்கள். எழுத ஒரு வார்த்தை கூடுதல், அவ்வளவுதான்.

சரி, கதைக்கு வருவோம். பெட்டி சின்னதாக இருப்பதுதானே தொல்லை, பெரிய பெட்டி எடுப்போம் என்று எனக்குத் தோன்றியது. சி மொழியிலேயே அகலமான சார் ஒன்று உண்டு, பெயர் டபிள்யூசார்-டி. 1989-இல் வந்த முதல் தரநிர்ணயத்திலேயே அது இருக்கிறது. அதற்கான செயற்கூறுகளில் பெரும்பகுதி 1995 திருத்தத்தில் சேர்ந்தது. ஒரு யூனிகோட் எண்ணுக்கு ஒரு பெட்டி, கொருக்குப்பேட்டைக்குப் பதினாறு பெட்டி. ராத்திரியோடு ராத்திரியாக எல்லா சாரையும் அகல சார் ஆக்கினேன். ஊர்ப்பட்டியலை என் லினக்ஸ் லேப்டாப்பில் அகலப் பெட்டிகளாகவே கோப்பில் எழுதி, பென் டிரைவில் கடைக்கு எடுத்துப் போனேன். கடையில் விண்டோஸ்.

திறந்தால் பட்டியல் முழுக்க ஒற்றை எழுத்து. கொருக்குப்பேட்டை ‘க’. காசிமேடும் ‘க’. ராயபுரம் ‘ர’. அதுவும் ஒரு வரி விட்டு ஒரு வரி காலி. “நேத்து பேட்டையத்தான் காணோம், இன்னிக்கு ஊரையே காணோமே” என்றார் கடைக்காரர்.

அகலம் என்றால் எவ்வளவு அகலம் என்பதைத் தரநிர்ணயம் நிர்ணயிக்கவில்லை என்பதே காரணம். விண்டோஸில் டபிள்யூசார்-டி இரண்டு பைட். லினக்ஸிலும் மேக்கிலும் நான்கு. லேப்டாப் ‘க’வை 149, 11, 0, 0 என்று எழுதியது. விண்டோஸ் இரண்டு இரண்டாக எடுத்தது: 149, 11 சேர்ந்தால் 2965, அதாவது ‘க’. அடுத்த ஜோடி 0, 0. பூஜ்யம் என்றால் சரம் முடிந்தது என்று பொருள். அவ்வளவுதான், ஊர் முடிந்தது. ஒரு ஊருக்கு 32 பெட்டி, பெட்டிக்கு நான்கு பைட் என்று லேப்டாப் எழுதிய 128 பைட்டைக் கடைக் கணினி 64, 64 என்று இரண்டு ஊராகப் பிரித்ததால் ஒன்றுவிட்டு ஒன்று காலி வரி.

வடசென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 2004 வரை பீச் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி மீட்டர் கேஜ், 1000 மில்லிமீட்டர். கும்மிடிப்பூண்டி வண்டி பிராட் கேஜ், 1676. இரண்டும் ரயில்தான், இரண்டும் தண்டவாளம்தான். ஆனால் இதன் சக்கரம் அதன் தண்டவாளத்தில் ஏறாது. திருவொற்றியூரிலிருந்து மாம்பலம் போகிறவர் பீச்சில் இறங்கி, பிளாட்பாரம் மாறித்தான் போனார். நான் செய்தது வண்டியையே தூக்கி மற்ற தண்டவாளத்தில் வைத்த வேலை.

விண்டோஸ் ஏன் இரண்டில் நின்றது? 1991-இல் யூனிகோட் முதல் பதிப்பு வந்தபோது (தமிழ் அதிலேயே இருந்தது) உலக மொழி எல்லாம் 16 பிட்டில், 65,536 இடத்துக்குள் அடங்கிவிடும் என்றார்கள். 1993-இல் வந்த விண்டோஸ் என்டி அந்தப் பேச்சை நம்பி அகலத்தை 16 பிட் என்று கெட்டியாக்கியது. 1996-இல் யூனிகோட் இரண்டாம் பதிப்பு, இடம் போதாது என்று பதினோரு லட்சத்துச் சொச்சம் வரை நீட்டியது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட அத்தனை மென்பொருளும் இரண்டு பைட்டை நம்பி நிற்கும்போது அகலத்தை எப்படி மாற்றுவது? எல்லை தாண்டிய எழுத்தை மட்டும் இரண்டு பெட்டியாக உடைத்து வைக்கலாம் என்று சமாளித்தார்கள். யூடிஎஃப்-16 என்பது அந்தச் சமாளிப்புதான்.

எல்லை தாண்டியது எதுவும் நமக்கு வேண்டாமே என்று நினைக்க முடியாது. முந்திரி, மா, காணி என்று நம் பழைய கணக்குப் பிள்ளைகள் எழுதிய பின்னக் குறிகள் 2019-இல்தான் யூனிகோடில் ஏறின. முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. அதன் எண் 73,664. 65,536-ஐத் தாண்டிவிட்டது. லினக்ஸில் அந்த முந்திரி ஒரு அகலப் பெட்டி. விண்டோஸில் 55,303, 57,280 என்று இரண்டு. ‘ஒரு எண்ணுக்கு ஒரு பெட்டி’ என்ற வாக்குறுதி விண்டோஸில் நம் முந்திரிக்கே பொய்த்துப் போகிறது.

அகல சார் பக்கம் இன்னும் சில வில்லங்கங்கள் உண்டு. புரோகிராம் தொடங்கும்போது மொழிச் சூழலை அமைக்கச் சொல்லி ஒரு வரி, அதாவது செட்லோக்கேல், எழுதாவிட்டால் குறுகலிலிருந்து, அதாவது சாதாரண சாரிலிருந்து, அகலத்துக்கு மாற்றும் செயற்கூறுகள் தமிழைச் சரியாக மாற்றித் தராது. ஒரே திரைக்கு, அச்சிடும் செயற்கூறான சாதாரண பிரிண்ட்எஃப்பால் ஒரு வரி அச்சிட்டுவிட்டு, அடுத்து அகல பிரிண்ட்எஃப்பைக் கூப்பிட்டால் லினக்ஸில் ஒன்றும் வராது. ஒரு பிழைச்செய்திகூட வராது. முதல் வரி எந்த கேஜில் ஓடியதோ அந்தத் தடம் அதே கேஜுக்கு என்று பூட்டிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது. டிசார் என்று ஒரு மேக்ரோ (கம்பைல் ஆகும்போது வேறொன்றாக மாறும் பெயர்) வைத்து, ஒரே நிரலை ஒருமுறை குறுகலாகவும் ஒருமுறை அகலமாகவும் கம்பைல் செய்யும் விண்டோஸ் வழக்கமும் உண்டு. விண்டோஸ் 98 காலத்துக்கு அது தேவைப்பட்டது. இன்றைக்குப் புதிதாக எழுதுகிறவர் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி.

2011 தரநிர்ணயத்தில் 16 பிட் சார், 32 பிட் சார் என்று பெயரிலேயே அளவைச் சொல்லும் இரண்டு வகைகள் வந்தன. நல்ல காரியம். ஆனால் கூட வந்தது நாலே நாலு மாற்றுச் செயற்கூறுகள். நீளம் எண்ணவோ ஒப்பிடவோ ஒன்றும் தரவில்லை. பாத்திரம் வந்தது, கரண்டி வரவில்லை.

கடைசியில் நான் வந்து நின்ற இடம் குறுகல்தான். கோப்பில் யூடிஎஃப்-8, நினைவகத்தில் யூடிஎஃப்-8, எல்லாம் சாதாரண சார். பைட் பைட்டாகப் படிப்பதால் இரண்டு பைட்டா நான்கா என்ற கேள்வியே எழாது, எந்தக் கணினியிலும் கோப்பு ஒரே மாதிரி இருக்கும். விண்டோஸிடம் கோப்பைத் திற, எழுத்தை வரை என்று கேட்கும் இடத்தில் மட்டும், அந்த ஒரு பிளாட்பாரத்தில், விண்டோஸே தரும் மாற்றியால் அகலமாக்குகிறேன். பதில் வந்ததும் திரும்பக் குறுக்கிவிடுகிறேன். மாற்றும் இரண்டு செயற்கூறுகளும் ஒரே கோப்பில் இருக்கின்றன. நிரலில் வேறெங்கும் அகல சார் என்ற பேச்சே இல்லை.

ஊர்ப்பெயருக்கு 128 பைட் கொடுத்தேன். அப்படியும் வெட்ட வேண்டி வந்தால் கண்டபடி வெட்டுவதில்லை. வெட்டும் இடத்துக்கு அடுத்த பைட் 128-க்கும் 191-க்கும் நடுவில் இருந்தால் அது வால். தலை கிடைக்கும் வரை பின்னால் போகிறது புரோகிராம். பழைய 32 பைட்டில் வெட்டியிருந்தாலும் கொருக்குப்பேட்டைக்கு அது போதும். தண்டையார்பேட்டைக்குப் போதாது. அங்கே முழுதாகப் பத்து எண் எடுத்தாலும் ‘ப’ மட்டும் வரும், அடுத்திருக்கும் ஏகாரக் கொம்பு வெளியே விழுந்துவிடும். ‘பே’ என்பது ‘ப’ ஆகும். இதை அகல சாரும் காப்பாற்றாது, ஏனென்றால் அதற்கும் கொம்பு தனிப் பெட்டிதான். அதனால் அடுத்து வரும் எண் 3006-லிருந்து 3021-க்குள் இருந்தாலோ, 3031 என்ற ஔகார நீளக்குறியாக இருந்தாலோ, இன்னும் ஓர் எழுத்து பின்னால் போகச் சொன்னேன்.

பொங்கலுக்கு முன்னால் மறுபடி போன். கொருக்குப்பேட்டை வாடிக்கையாளர் ஒருவர் பெயர் பட்டியலில் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை. பைட்டை எண்ணிப் பார்த்தேன்: 48 இல்லை, 51. யாரோ ஒரு விசைப்பலகையில் ‘கொ’வின் ஒகரக்குறியை 3018 என்ற ஒரே எண்ணாக அடிக்காமல், 3014 என்ற ஒற்றைக் கொம்பும் 3006 என்ற காலுமாக இரண்டாக அடித்திருக்கிறார்கள். திரையில் மயிரிழை வித்தியாசம் தெரியாது. யூனிகோட் இரண்டும் ஒன்றே என்கிறது. பைட்டை ஒப்பிடும் சி வேறு என்கிறது. ஒ, ஓ, ஔ மூன்று குறிகளுக்கும் இது பொருந்தும். பதிவேறும்போதே கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே எண்ணாக்க ஒரு செயற்கூறு எழுதினேன், இருபது வரிகூட இல்லை. பழைய பட்டியலையும் ஒருமுறை அதற்குள் ஓட்டி எடுத்ததில், கடையில் கொருக்குப்பேட்டை என்று இருந்த இரண்டு ஊர் ஒன்றாயிற்று.