கலை முதுமணி விருது: வாத்தியாருக்கு 71, ஆதாருக்கு 63

எங்கள் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவருக்கு அப்போது 71 வயது. பதினைந்து வயதில் வேடம் கட்டத் தொடங்கியவர். மூன்று தலைமுறைக்குக் கூத்து சொல்லிக்கொடுத்தவர். ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், இருந்த பிள்ளைகள் சேர்ந்து அவருக்காக, 66 வயது ஆனவர்களுக்கு அரசு கொடுக்கும் கலை முதுமணி விருதுக்கு விண்ணப்பம் போட்டார்கள். அது தேறவில்லை. காரணத்தை யாரும் எழுத்தில் சொல்லவில்லை. அலுவலகத்துக்கு நான்கு முறை அலைந்த பிறகு ஓர் எழுத்தர் வாய்விட்டார்: “இவருக்கு 63தானே ஆகிறது?” ஆதார் எடுத்த அன்று, பிறந்த வருடம் தெரியாது என்று வாத்தியார் சொல்ல, எதிரே இருந்த பையன் முகத்தைப் பார்த்து ஒரு வருடத்தைப் போட்டு, தேதிக்கு ஜனவரி 1 என்று அடித்துவிட்டான். எட்டு வயது அங்கேயே போயிற்று. எழுபது கடந்தவர் நரைத்த தலையோடு மேசைக்கு முன்னால் நிற்கிறார். அட்டை சொல்வதுதான் வயது.

விருதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை, மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட மாவட்டக் கலை மன்றங்களின் வழியாக அந்தந்த மாவட்டக் கலைஞர்களுக்கு விருது வழங்குகிறது. பிரிப்பது வயதை வைத்து. 18 வயது வரை உள்ளவர்களுக்குக் கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, 66 வயதும் அதற்கு மேலும் கலை முதுமணி. தொகை முறையே 4,000, 6,000, 10,000, 15,000, 20,000 ரூபாய். கூடவே பொன்னாடை, பட்டயம். குரலிசை, நாதஸ்வரம், தவில், பரதம், ஓவியம், சிற்பம் முதல் கரகம், காவடி, தெருக்கூத்து, தப்பாட்டம், வில்லுப்பாட்டு வரை எல்லாக் கலைகளுக்கும் இடம் உண்டு. இருபதாயிரத்தில் யாரும் வீடு கட்டப்போவதில்லை. ஊர்க்காரர்கள் முன்னால் ஆட்சியர் கையால் வாங்குகிற அந்த நிமிடத்துக்காகத்தான் கிழவர்கள் ஆசைப்படுகிறார்கள். அதைக் கொடுக்க இத்தனை அலைச்சல்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் நல்ல கலைஞர் இருக்கிறார் என்று அரசு தேடி வராது. விண்ணப்பித்தவர்களுக்குள்தான் தேர்வு. “நம் திறமை ஊருக்கே தெரியுமே, கேட்டு வாங்குவதா?” என்று கௌரவம் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களின் படம் இப்போது வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்குகிறது.

வயதுச் சிக்கலுக்கு இன்றே வழி செய்யுங்கள். ஆதாரில் பிறந்த தேதி தவறு என்றால் அறிவிப்பு வந்த பிறகு திருத்த ஓடாதீர்கள். அதற்குள் கடைசி நாள் போய்விடும். ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்தப் பொதுவாக ஒரு முறைதான் அனுமதி, அதுவும் சான்று இருந்தால்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவர் என்றாலும் அவர் படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் தேதி இருக்கும். போய்க் கேளுங்கள். வாத்தியாருக்குக் கடைசியில் கைகொடுத்தது அதுதான். தலைமை ஆசிரியை பழைய பீரோவைத் திறந்து அரை நாள் தேடினார். இந்தக் கதையில் நான் பார்த்த ஒரே நல்ல அரசு ஊழியர்.

அடுத்தது, பலருக்குத் தெரியாத பொறி. மாவட்டக் கலை மன்றத்தின் விருதை ஒருமுறை வாங்கியவர் மறுபடியும் விண்ணப்பிக்க முடியாது. 34 வயதில் ஆறாயிரத்துக்கு ஆசைப்பட்டு வளர்மணி வாங்கிவிட்டால், பிறகு நீங்கள் எவ்வளவு பெரிய ஆசானாக வளர்ந்தாலும் நன்மணியும் முதுமணியும் கிடையாது. படிப்படியாக ஏறலாம் என்று பெயர்களைப் பார்த்தால் தோன்றும், ஏற முடியாது. இளம் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும்போது இதைச் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். பன்னிரண்டு வயதுப் பெண்ணை அவசர அவசரமாக இளமணிக்குத் தள்ளும் பெற்றோர் கொஞ்சம் நிதானிக்கலாம். கலைமாமணி போன்ற மாநில விருதோ தேசிய விருதோ ஏற்கெனவே பெற்றவர்களுக்கும் இதில் இடமில்லை.

அறிவிப்பு எப்போது வரும்? ஆட்சியர் பெயரில் செய்திக்குறிப்பாக வரும். நாளிதழின் உள்பக்க மூலையில், பெரும்பாலும் மாவட்டப் பதிப்பில் மட்டும். சில சமயம் இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பு. கடைசி நாளுக்குள் கிடைக்கும் அவகாசம், விடிய விடியக் கூத்தாடிவிட்டுப் பகலில் தூங்குகிறவருக்குப் போதாது. திருவிழாக் காலத்தில் வந்தால் இன்னும் மோசம். ஜமா ஊரிலேயே இருக்காது. அதனால் அறிவிப்பு வந்தபின் தாள் சேர்க்கத் தொடங்கக் கூடாது. கோப்பு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

கோப்பில் என்ன? விண்ணப்பம், புகைப்படம், வயதுச் சான்று, முகவரிச் சான்று, கலை அனுபவத்துக்கான சான்றுகளின் நகல். முதல் நான்கும் எல்லோரிடமும் இருக்கும். கடைசி ஒன்றில்தான் நம் ஆட்கள் விழுகிறார்கள். சபாவில் பாடுகிறவரிடம் அழகான சான்றிதழ் அடுக்கு இருக்கும். அம்மன் கோயில் வாசலில் விடிய விடிய ஆடியவருக்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? அவருக்குக் கிடைத்தது வெற்றிலைப் பாக்கும் ஒரு துண்டும்தான். ஆகவே திருவிழா நோட்டீஸ்களைச் சேர்த்து வையுங்கள். உங்கள் பெயர் அச்சான ஒவ்வொரு நோட்டீசும் சான்றுதான். வருடம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பல நோட்டீஸ்களில் தமிழ் மாதமும் கிழமையும் மட்டும்தான் இருக்கும், அது உதவாது. கோயில் நிர்வாகியிடம், ஊராட்சித் தலைவரிடம், பள்ளித் தலைமை ஆசிரியரிடம் “இன்ன ஆண்டில் இங்கே நிகழ்ச்சி நடத்தினார்” என்று முத்திரையோடு கடிதம் வாங்குங்கள். வானொலியில் பாடியிருந்தால் அந்த ஒப்பந்தக் கடிதத்தைத் தங்கமாகப் பாதுகாக்கவும். கிராம நிர்வாக அலுவலரிடம் “கலைஞர் சான்று” வாங்கி வா என்று யாராவது அனுப்பினால், அறிவிப்பில் அப்படி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அவர் தாசில்தாரைக் காட்டுவார், தாசில்தார் அலுவலகம் அவரையே திரும்பக் காட்டும். இரண்டு வாரம் போய்விடும்.

பெயர்த் தகராறு இன்னொன்று. நோட்டீசில் இருப்பது ஊரோடு ஒட்டிய கலைப் பெயர். ஆதாரில் தாத்தா வைத்த பெயர். வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது எழுத்துக்கூட்டல். தேர்வான பிறகு கலைப் பெயரில் காசோலை எழுதப்பட்டு, வங்கி அதைத் திருப்பி அனுப்பிய கூத்தையும் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே “இன்னார் என்கிற இன்னார்” என்று இரண்டு பெயரையும் எழுதிவிடுங்கள்.

எந்த அலுவலகம் என்பதிலும் கவனம் தேவை. விண்ணப்பம் போக வேண்டிய இடம் பெரும்பாலும் மண்டலக் கலை பண்பாட்டு மையத்தின் உதவி இயக்குநர் அலுவலகம். அப்படிப்பட்ட மையங்கள் காஞ்சிபுரம், சேலம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை, திருநெல்வேலி, கோவை ஆகிய ஏழு ஊர்களில் இருக்கின்றன. பல மாவட்டங்களுக்குச் சேர்த்து ஒன்று என்பதால், உங்கள் ஊரிலிருந்து போய்வர ஒரு நாள் கூலி போகும். ஆட்சியர் அலுவலகத்தில் நீட்டினால் “இங்கே இல்லை” என்பார்கள். நேரில் போகிறவர்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் படி இறங்க வேண்டாம். போக முடியாதவர்கள் அஞ்சலில், போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி அனுப்புங்கள். நிகழ்ச்சிகள் பக்கத்து மாவட்டத்தில் நடந்தாலும் விண்ணப்பம் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்துக்குத்தான்.

பதில் வராவிட்டால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். “எனக்கு ஏன் தரவில்லை?” என்று கேட்டால் பதில் வராது. உங்கள் வயதுப் பிரிவில் எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, உங்கள் விண்ணப்பம் எந்தத் தேதியில் பதிவானது, தேர்வுக் குழுக் கூட்டக் குறிப்பின் நகல் என்று தாளாகக் கேளுங்கள்.

விருது கிடைத்தால் ஓய்வூதியமும் வரும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். வராது. நலிந்த கலைஞர்களுக்கான மாத உதவித்தொகை 3,000 ரூபாய் தனித் திட்டம். அது தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக, வேறு விண்ணப்பத்தில். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை மூன்றாவது வேறு. அந்த வாரியத்தில் 60 வயதுக்குள் சேர்ந்துவிட வேண்டும். விருதுக்காக 66 வரை காத்திருக்கிறவர், வாரியத்தில் சேரும் வயதைத் தாண்டிவிட்டது தெரியாமலேயே காத்திருக்கிறார்.

கடைசியாக, பணம். இந்த விருதுக்கு யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்கத் தேவையில்லை. “பதிவுக் கட்டணம்”, “மேடைச் செலவு” என்று கேட்டு விருதும் டாக்டர் பட்டமும் விற்கிற கும்பல்கள் நாட்டுப்புறக் கலைஞர்களைத்தான் குறிவைக்கின்றன. 2023இல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே அப்படி ஒரு போலிப் பட்டமளிப்பு நடந்து, பிரபலங்களே ஏமாந்தார்கள். அரசு முத்திரை போல ஏதோ அச்சடித்திருக்கிறார்களே என்று மயங்கி ஐயாயிரம் கொடுத்த கரகாட்டக்காரர் அம்மா ஒருவர், அந்தப் பட்டயத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு விளக்குக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார். அவரிடம் இன்னும் நான் சொல்லவில்லை.