மஞ்சளித்த ஹெட்லைட்டைத் தேய்த்தால் மட்டும் போதாது

ஹெட்லைட் மஞ்சளித்துவிட்டால் அழுக்குப் படிந்திருக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். அழுக்கு என்றால் ஷாம்பு போட்டுக் கழுவியதும் போயிருக்க வேண்டும். இது போகாது, ஏனென்றால் கெட்டுப்போயிருப்பது லென்ஸின் மேல்தோலே.

இன்றைய ஹெட்லைட்டின் முன்பக்கம் கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். எடை குறைவு, கல் தெறித்தாலும் சட்டென்று உடையாது. ஆனால் எளிதில் கீறல் விழும், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மஞ்சளிக்கும். அதனால்தான் தொழிற்சாலையிலேயே அதன்மேல் தலைமுடியைவிட மெல்லிய, கெட்டியான ஒரு பூச்சு கொடுக்கிறார்கள். வெயிலில் முதலில் சாவது அந்தப் பூச்சு. அது போனபிறகு பிளாஸ்டிக் நேரடியாக வெயில் குடிக்கிறது. இரண்டு ஹெட்லைட்டில் ஒன்று மட்டும் அதிகம் மஞ்சளித்திருந்தால், வண்டி தினமும் நிற்கும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் வெயில் விழும் பக்கம்தான் அது.

பூச்சைச் சீக்கிரம் கொல்வதில் நம் கைக்கும் பங்கு உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணியை வைத்துப் பத்து வண்டி துடைக்கிறார்கள். அந்தத் துணியில் ஒட்டிய மணல் தினமும் லென்ஸைக் கீறுகிறது. முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட்டு, அதன்பிறகு துணி வைக்கச் சொல்லுங்கள். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் எதுவும் லென்ஸில் படவே கூடாது. பட்டால் முடி முடியாக உள்வெடிப்பு விழும், அதைப் பின்னால் எடுக்க முடியாது.

பற்பசை போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிறதே என்பார்கள். ஆகும். அதில் இருக்கும் நுண்ணிய தேய்ப்புத் துகள் மேற்பரப்பைக் கொஞ்சம் தேய்த்துவிடுகிறது. ஆனால் பாதுகாப்புப் பூச்சு எதுவும் திரும்பி வருவதில்லை, சில மாதங்களில் பழைய கதைதான். கொசு விரட்டி தெளிக்கும் வீடியோக்களை நம்பவே வேண்டாம். அதிலுள்ள டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் அந்தத் தெளிவைக் காட்டுகிறது. பக்கத்துப் பெயிண்டில் வழிந்தால் அதையும் கெடுக்கும்.

வேலையைத் தொடங்குமுன் லென்ஸில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நனைந்திருக்கும்போது தெளிவாகத் தெரிந்தால் கோளாறு வெளிப்பரப்பில் இருக்கிறது, சரிசெய்யலாம். நனைந்த பிறகும் மங்கலாகவே இருந்தால் கோளாறு உள்பக்கத்தில், அல்லது வெடிப்பு ஆழமாக இறங்கிவிட்டது. அங்கே வெளியே தேய்ப்பது வீண்.

கார் ஷாம்பு போட்டுக் கழுவி, சுற்றியுள்ள பெயிண்டின்மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுங்கள். பூச்சு உரிந்து திட்டுத்திட்டாக இருந்தால் 800 நம்பர் வாட்டர் பேப்பரில் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் கூடக் கூட நயமாகும்) தொடங்குங்கள், வெறும் மங்கல் என்றால் 1000 போதும். பேப்பரை மெத்தென்ற ஸ்பாஞ்சில் சுற்றி, தண்ணீர் விட்டுக்கொண்டே, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். முதலில் வடியும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும், போகப் போகப் பால்போல வெளுக்கும். துடைத்துக் காயவிட்டால் மீதிப் பூச்சு வரைபடத்தில் கடற்கரை தெரிவதுபோல ஒரு விளிம்பு காட்டும். அந்த விளிம்பு முழுவதும் மறையும்வரை அடுத்த நம்பருக்குப் போகாதீர்கள். அவசரப்பட்டால் கடைசியில் அடிக்கும் கிளியருக்கு (நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) அடியில் அந்தக் கோடு அப்படியே தெரியும்.

800-இல் இடம் வலமாகத் தேய்த்தால் 1000-இல் மேலும் கீழுமாக, 1500-இல் மறுபடி இடம் வலமாக. திசை மாற்றினால்தான் முந்தைய பேப்பரின் கீறல் மிச்சமிருப்பது கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் கழுவுங்கள். 800-இன் ஒரு துகள் மாட்டிக்கொண்டாலும் 1500-இன் உழைப்பைக் கெடுத்துவிடும்.

இதற்கு மேல், போன பாதுகாப்புப் பூச்சுக்குப் பதில் புதிதாக ஒன்று கொடுக்க இரண்டு வழி. டூ-கே கிளியர், அதாவது இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்து அடிக்கும் கிளியர், அடிப்பதாக இருந்தால் 1500-இலேயே நிறுத்துங்கள். பாலிஷ் போட்டு வழவழப்பாக்கினால் கிளியர் பிடிக்காது, பின்னால் தோலாக உரியும். மீதியுள்ள நுண்கீறலைக் கிளியரே நிரப்பிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, விரல் படாமல், முதல் பூச்சை மிக லேசாகத் தூவுங்கள். அது சற்றே இறுகியபிறகுதான் நிறைந்த பூச்சு. எடுத்த எடுப்பில் கனமாக அடித்தால் அதிலுள்ள தின்னர் பிளாஸ்டிக்கைத் தாக்கும். ஹார்டனர் அளவு டப்பாவில் அச்சிட்டிருப்பதுபோலவே இருக்கட்டும், கண் அளவு வேண்டாம். மழை ஈரத்திலும் உச்சி வெயிலிலும் அடிக்காதீர்கள். ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, அது நுரையீரலுக்கு ஆகாது. துணி மாஸ்க் இதற்குப் போதாது, பெயிண்டர்கள் போடும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். அது இல்லையென்றால் பெயிண்டிங் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது வழி கையால் பூசும் சீலன்ட் என்ற பாதுகாப்புத் திரவம். இதற்கு 2000, 3000 வரை போய், காம்பவுண்ட் என்ற பாலிஷ் பசை போட்டுப் பாலிஷ் செய்ய வேண்டும். மெஷின் என்றால் குறைந்த வேகத்தில், ஓரிடத்தில் நிற்காமல் ஓட்டுங்கள். சூடேறினால் பிளாஸ்டிக் இளகி இழுபடும். சீலன்ட் கிளியர் அளவுக்கு நாள் தாங்காது, அவ்வப்போது திரும்பப் பூச வேண்டும். வண்டி புதிது என்றால் இவை எதுவும் இல்லாமல் நிறமற்ற பி.பி.எஃப். (பெயிண்டைக் காக்க ஒட்டும் பிளாஸ்டிக்) ஃபிலிம் ஒட்டிவிடுவதே நல்லது. கறுப்பு ஃபிலிம் வெளிச்சத்தைத் தின்றுவிடும்.

வெளிச்சம் போதவில்லை என்று பல்பை மாற்றுவதுதான் நாம் அதிகம் கண்டிக்கும் தவறு. பல வண்டிகளில் உள்ள ஹெச்4 பல்ப் 60/55 வாட் (ஹை பீம்/லோ பீம்). அந்த இடத்தில் 100/90 போட்டால் ஹோல்டர் உருகும், பல்புக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் ரிஃப்ளெக்டரின் வெள்ளிநிறப் பூச்சு கருகும். மங்கிய லென்ஸ் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. பல்ப் பெரிதானால் அந்தச் சிதறலும் பெரிதாகி எதிரே வருபவர் கண்ணைத்தான் கூசவைக்கும், நமக்குச் சாலை தெரியாது. ரிஃப்ளெக்டர் கருகிப்போன ஹெட்லைட்டின் லென்ஸை எவ்வளவு தெளிவாக்கினாலும் பயனில்லை, ஹெட்லைட் அசெம்பிளியை முழுதாகவே மாற்ற வேண்டும்.