தண்டல் வீட்டில் மூன்றாவது இலை

வியாசர்பாடியிலிருந்து வந்த அந்த இளைஞர் பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் அட்டையை என் மேசைமேல் வைத்தார். உள்ளே, உள்ளங்கை அகலத்தில் ஒரு சுங்கச் சீட்டு. பக்கிங்ஹாம் கால்வாயில் விறகு ஏற்றிவந்த படகுக்காக 1930-களில் கட்டிய பணத்துக்கான ரசீது. "தாத்தாவின் அப்பா படகுத் தண்டலாக இருந்தார், மேடம். அதற்கு எங்களிடம் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். கெட்டுப்போகக் கூடாது என்று லேமினேஷன் செய்துவிட்டேன்" என்றார். சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிறைவைப் பார்த்தபின், அடுத்து நான் சொல்ல வேண்டியிருந்ததைச் சொல்ல மனம் வரவில்லை.

பழைய காகிதங்களைக் காப்பாற்றுவது என் தொழில். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதைச் செய்கிறேன். கறையான் தின்ற பத்திரங்களைவிட, அன்பாகப் பாதுகாக்கப்போய்க் கெட்ட பத்திரங்களையே அதிகம் பார்த்திருக்கிறேன். அந்தச் சீட்டு 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்திருக்கிறது. காப்பியிங் பென்சிலால் எழுதியது; ஈரம் பட்டதும் எழுத்து ஊதாவாகப் பரவிவிட்டது. முழுதாகக் காயும் முன்பே கடையில் கொடுத்து, சூட்டில் பிளாஸ்டிக்கை ஒட்டியிருக்கிறார்கள். ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, ஓரத்தில் இரண்டு இடங்களில் பூஞ்சை பூத்திருந்தது. லேமினேஷனைப் பிரிக்க முடியாதா என்று கேட்டார். பிளாஸ்டிக்கில் இருக்கும் பசை உருகிக் காகிதத்தின் நாருக்குள் இறங்கிவிடும். பிரித்தால் எழுத்தும் சேர்ந்தே உரியும்.

இதைப் படிப்பவர்கள் வீட்டில் தாத்தா காலத்துச் சீட்டோ பத்திரமோ கடிதமோ இருந்தால், தயவுசெய்து லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். கிழிந்திருந்தால் செல்லோ டேப்பும் வேண்டாம். சில ஆண்டுகளில் அதன் பசை பழுப்பேறிக் கசிந்து எழுத்தைத் தின்றுவிடும். ஒட்டாத, சூடு படாத, இரண்டு பக்கமும் திறந்திருக்கும் பாலியெஸ்டர் உறை போதும். அதுவும் கிடைக்கவில்லையா, சுத்தமான வெள்ளைத்தாளில் மடித்து, தரையில் படாமல், வெளிச்சம் விழாத அலமாரியில் வையுங்கள். எங்கள் பாட்டிமார் துணியில் முடிந்து வைத்த வசம்பு இராமபாணப் பூச்சிக்கு இன்றும் நல்ல காவல்தான்.

காகிதத்தைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் தாத்தா இருக்கிறார் அல்லவா? "அவரைப் பார்க்க வரலாமா?" என்று கேட்டேன்.

பக்கிங்ஹாம் கால்வாய் என்றால் இன்றைய சென்னைவாசிக்கு நினைவு வருவது சாக்கடை நாற்றமும், 1990-களில் அதன் படுகையிலேயே நட்ட பறக்கும் ரயில் தூண்களும். 1806-இல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டி முடித்த உப்புநீர் வாய்க்கால்தான் இதன் தொடக்கம். பிறகு வடக்கிலும் தெற்கிலும் துண்டு துண்டாக வளர்ந்து, ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து நம் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் துண்டு, 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வந்தது அதனால்தான். தாது வருஷப் பஞ்சம் என்று நம் வீடுகளில் சொல்வது அதைத்தான். வயிற்றுக்காக மண் சுமந்தவர்களின் பெயர் எதிலும் இல்லை.

பெரியவருக்கு அப்போது எண்பதைக் கடந்திருந்தது. 1938-இல் பிறந்தவர். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, "தண்டல் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் வட்டிக்காரர் என்று நினைக்கிறார்கள், அம்மா" என்று வருத்தப்பட்டார். படகின் தலைவனுக்குத் தண்டல் என்று பெயர். பாரம் ஏற்றுவது, சுங்கம் கட்டுவது, ஆட்களுக்குக் கூலி பிரிப்பது, எந்த ஓதத்தில், அதாவது கடல்நீர் ஏறும்போதா வடியும்போதா, எந்த ஆற்று முகத்தைக் கடப்பது என்று முடிவெடுப்பது, எல்லாம் தண்டலின் பொறுப்பு. தினத் தவணை வசூலிப்பவருக்கும் அதே சொல் இருப்பதால், பேரனின் பள்ளித் தோழர்கள் அவர்கள் வீட்டை வட்டிக்கடைக் குடும்பம் என்றே நினைத்திருந்தார்களாம்.

முதல் நாள் நான் ஒரு தவறு செய்தேன். அனுபவம் இருந்தும் செய்தேன். எந்த வருடம், எந்த வருடம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் தடுமாறினார், பேரன் குறுக்கிட்டுத் திருத்தினார், பெரியவர் வாயை மூடிக்கொண்டார். இரண்டாம் நாள் கேள்வியை மாற்றினேன். "ஐயா, பேசின் பிரிட்ஜில் படகை அவிழ்த்தால் முதல் இரவு எங்கே கட்டுவீர்கள்?" அவ்வளவுதான். எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு, ஸ்ரீஹரிகோட்டா, துர்கராஜப்பட்டினம், கிருஷ்ணப்பட்டினம் என்று கை காற்றில் வடக்கே போய்க்கொண்டிருந்தது. காற்று வாகாக இருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி, கழிக்கும் அசையாவிட்டால் கரையில் இறங்கி, தோளில் கயிற்றைப் போட்டு இழுப்பார்கள். வாடை வீசும் மாதங்களில் தெற்கே வருவது சுலபம். சோழகக் காற்று வந்தால் வடக்கே போகலாம். ஆறு குறுக்கிடும் இடங்களில் லாக்கு என்ற கதவு வைத்த மதகு. கதவு திறக்கும்வரை படகுகள் வரிசையில் நிற்கும். பெரியவரின் அம்மா அந்த நேரத்தில்தான் படகிலேயே அடுப்பு மூட்டி உலை வைப்பாராம். இவருக்குப் பன்னிரண்டு வயதில் தோளில் கயிறு ஏறியது. சட்டையை விலக்கித் தழும்பைக் காட்டினார். நான் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். அதுவும் ஓர் ஆவணம்.

ஆண்டு தெரிய வேண்டுமானால் ஊரே அறிந்த நிகழ்ச்சியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கூவம் பெருகி வீடுகளுக்குள் வந்த வெள்ளம் 1943. ஆந்திரம் பிரிந்தது 1953. ஒரே கால்வாய் இரண்டு மாநிலங்களுக்குப் போனது, பெண் எடுத்த ஊரும் கொடுத்த ஊரும் எல்லைக்கு இருபுறமும் ஆகிவிட்டன. மெரினாவில் ஸ்டமாட்டிஸ் என்ற கப்பல் புயலில் தரைதட்டியது 1966 நவம்பர். "அந்தக் கப்பல் வந்த புயலில்தான் எங்கள் படகு போயிற்று" என்றார் பெரியவர். கால்வாயின் கரைகளைச் சிதைத்ததில் அறுபதுகளின் புயல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் வடக்கிலிருந்து ஏற்றிய சவுக்கு விறகு பெரும்பாலும் ஸ்ரீஹரிகோட்டாத் தோப்புகளுடையது. 1969-இல் அந்தத் தீவு ராக்கெட் தளத்துக்கென்று தேர்வானது. படகும் இல்லை, பாரமும் இல்லை. அவர் மூட்டை தூக்கப் போனார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் 1877-இல் ஒரு படகுச் சட்டம் வந்தது. குடியிருக்கும் கால்வாய்ப் படகுகளைப் பதிவு செய்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் தங்கலாம் என்பதை எழுதி வைக்கச் சொன்ன சட்டம். குடும்ப வரலாறு தேடும் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பதிவேடுகள் இன்றும் உதவுகின்றன. அதே 1877-இல் இங்கே பஞ்சத்துக் கூலிகள் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நமக்கும் 1890-இல் கால்வாய்கள், பொதுப் படகுத்துறைகளுக்கான சட்டம் வந்தது. ஆனால் அதன் அக்கறை படகின் மேலும் சுங்கத்தின் மேலும்தான். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கால்வாயின் மதகுச் செலவைத் தேடிப் பிடித்துவிடலாம். அந்த மதகில் காத்திருந்த தண்டலின் மனைவி பெயரை எந்த ஆவணக் கட்டிலும் தேடிப் பிடிக்க முடியாது. அது வீட்டில்தான் இருக்கிறது, எண்பது வயதுக்காரர் ஒருவரின் நினைவில்.

நினைவும் அப்படியே நம்பத்தக்கதா என்றால், இல்லை. பெரியவர் சொன்ன குடும்பக் கதை இது: "என் தாத்தா தாது வருஷத்தில் மண் சுமந்து இந்தக் கால்வாயை வெட்டினார். பிறகு இதிலேயே தண்டலானார். எனக்கு ஐந்து வயது, நாற்பத்து மூன்று வெள்ளத்தில் அவர் நின்றபடி கழி போட்டு எங்களைக் கரை சேர்த்தார்." கேட்கக் கண் நிறைகிறது. கணக்குப் போட்டேன். 1877-இல் மண் சுமக்கும் வயதென்றால், 1943-இல் எண்பதைத் தாண்டியிருப்பார். வெள்ளத்தில் நின்று கழி போடும் வயதா அது?

இந்தச் சிக்கலை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பேரன் என்ற சொல்லே பெயரன். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பி வரும். சொல்லச் சொல்ல, ஒரே பெயருள்ள இருவர் ஒருவராகிவிடுவார்கள். நடுவில் இருந்தவர் காணாமல் போய்விடுவார். ஆகவே, பாட்டன் பூட்டன் பெயர்களைக் கேட்கும்போது ஒவ்வொருவருக்கும் "இவருடைய அப்பா யார், மனைவி எந்த ஊர்?" என்று கேட்டுவிடுங்கள். ஆண்களிடம் மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள்.

பெரியவரின் அக்கா ஆந்திர எல்லையில் இருக்கும் தடாவுக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர். ஆறு வயது மூத்தவர். பேரனையும் கூட்டிக்கொண்டு போனேன். பாதி தெலுங்கும் பாதித் தமிழுமாகப் பேசினார். தாத்தாவைப் பற்றிக் கேட்டதும், "எந்தப் பாட்டன்? ஆடிப் படையலில் மூன்று இலை போடுவோமே, அதில் யாரைக் கேட்கிறாய்?" என்றார்.

மூன்று இலை. தம்பிக்கு அது தெரியவே தெரியாது. இலை போட்டது பெண்கள்; அவர் திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்த பையன். அக்காவுக்கு இலை வரிசை அப்படியே நினைவிருந்தது. முதல் இலை மண் சுமந்த பெரிய பாட்டனுக்கு. அதில் கேழ்வரகுக் களி கட்டாயம் இருக்க வேண்டும். கடைசி இலை, வெள்ளத்தில் கழி போட்ட சின்னப் பாட்டனுக்கு. நடு இலை ஏரிப் பாட்டனுக்கு. பழவேற்காடு ஏரியில் காற்றில் மாட்டிக்கொண்டவர், உடல் கிடைக்கவில்லை, வீட்டில் அவர் பேச்சை எடுக்க மாட்டார்கள். அவர் இலையில் மட்டும் மீன் வைக்க மாட்டார்களாம். பெயர் என்ன என்று கேட்டோம். அக்காவுக்குத் தெரியவில்லை.

பதிவு நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓடியது, சாதாரணக் கைப்பேசியில். ஒலிப்பதிவுக்குப் பெரிய கருவி தேவையில்லை. மின்விசிறியை நிறுத்துங்கள், கைப்பேசியைப் பேசுபவர் அருகில் துணிமேல் வையுங்கள், ஆரம்பத்தில் தேதி, ஊர், யார் பேசுகிறார்கள் என்பதைச் சொல்லுங்கள், அன்றிரவே இரண்டு வேறு இடங்களில் நகல் எடுத்துவிடுங்கள். அவர் தெலுங்கில் நழுவினால் நழுவட்டும். தமிழில் சொல்லச் சொல்லி நிறுத்தினால் நினைவும் நின்றுவிடும்.

கால்வாய்க் கரையில் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வெள்ளத்தில் காகிதம் நனைந்தால் வெயிலில் போடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். அச்சில்லாத தாளை இடையிடையே வைத்து, நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். நம் வெப்பத்தில் இரண்டு நாளில் பூஞ்சை வந்துவிடும். அதற்குள் முடியாத அளவுக்கு நிறைய இருந்தால், பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம். ஆக்கிரமிப்பாளர் என்று ஒரே சொல்லில் அடையாளமிடப்படும் குடும்பங்களில் சில, அந்தக் கால்வாயை வெட்டியவர்களின் வழி வந்தவை. அவர்களிடம் இருக்கும் சுங்கச் சீட்டும், பழைய ரேஷன் அட்டையும், பள்ளிச் சான்றும் நனைந்து போனால், அந்தப் பேச்சை எடுக்கக்கூட அவர்களிடம் எதுவும் இருக்காது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

தடாவிலிருந்து திரும்பி வந்து பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். வெள்ளைத்தாளில் பென்சிலால் ஐந்து கட்டங்கள் வரைந்தேன். பெரிய பாட்டன், ஏரிப் பாட்டன், சின்னப் பாட்டன், அப்பா, அவர். முதல் கட்டத்திலும் மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் ஒரே பெயர். இரண்டாவது காலி. நான்காவதில் அவர் அப்பாவின் பெயர். பெயரன் முறை அந்த வீட்டில் தவறாமல் நடந்திருந்தால், ஏரியில் போனவரின் பெயர்தான் அப்பாவுக்கும் வைக்கப்பட்டிருக்க வேண்டும். "ஒருவேளை" என்று போட்டு, இரண்டாவது கட்டத்தில் லேசாக எழுதினேன்.

பெரியவர் வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பாட்டி எங்கள் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. பெற்ற பிள்ளையை நைனா, நைனா என்றுதான் கூப்பிடுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை, அம்மா. மாமனார் பெயரை அவள் எப்படிச் சொல்வாள்?"

பேரன் பென்சிலை வாங்கி, "ஒருவேளை" என்ற சொல்லை அடிக்கலாமா என்று என்னைப் பார்த்தார். அதை அப்படியே விட்டு, பக்கத்தில் பாட்டி சொன்ன "நைனா"வையும், இதைச் சொன்னவர் பெயரையும், அன்றைய தேதியையும் எழுதச் சொன்னேன்.