முதலில் தேய்ப்பு, அப்புறம்தான் பிளீச்சிங் பவுடர்

மொட்டை மாடித் தொட்டியின் மூடியைத் திறந்து, தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று இருக்கும். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தாலும் அந்த வழுவழுப்பு இருக்கும். பாக்டீரியாக்கள் தாங்களே சுரந்த பசைக்குள் கூட்டமாகக் குடியிருக்கும் படலம் அது.

நிறைந்த தொட்டியில் ஒரு பிடி பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு, சுத்தம் செய்தாகிவிட்டது என்று மூடிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அது ஏன் பலிப்பதில்லை?

பவுடர் தண்ணீரில் கரையும்போது ஹைப்போகுளோரஸ் அமிலம் உருவாகிறது. கிருமியைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். பாக்டீரியாவின் மேற்பரப்பில் எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் உண்டு, அதே மின்னூட்டம் உள்ளதை அது விலக்கித் தள்ளும். இந்த மூலக்கூறில் மின்னூட்டமே இல்லை. அதனால் எளிதாக உள்ளே புகுந்து நொதிகளைச் சிதைத்துவிடுகிறது. ஆனால் கிருமி எது, குப்பை எது என்று அதற்குத் தெரியாது. பாசி, சருகு, வண்டல் என எது எதிர்ப்பட்டாலும் அதோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். அழுக்குத் தொட்டியில் போட்ட குளோரின் படலத்தின் மேற்புறத்திலேயே செலவாகிவிடும். அடியில் இருக்கும் கிருமிகள் பிழைத்துக்கொள்ளும். தண்ணீரில் காரத்தன்மை கூடினாலும் வீரியம் குறையும். காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.5-இல் இருந்தால் குளோரினில் ஏறக்குறையப் பாதி இந்த அமிலமாக இருக்கும், 8.5-இல் பத்தில் ஒரு பங்குதான்.

தேய்ப்பதற்கு இன்னொரு காரணம் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு. அது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டைகளை ஒட்டவைக்கும். தொட்டியைக் காலி செய்து காயவிட்டாலும் அவை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி நீர் ஏறினால் பொரிக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்து, அந்தக் கழிவு நீரை முழுக்க வெளியேற்றினால்தான் அவை போகும்.

சரி, தேய்த்துக் கழுவியாகிவிட்டது. நல்ல பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் கிடைக்கும். 1000 லிட்டர் தொட்டிக்கு 150 கிராம் போட்டால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரும். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் விட்டுக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். தொட்டியை நிரப்பிய பிறகு, குளோரின் வாடை வரும் வரை ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடுங்கள். குழாய்களுக்குள்ளும் அதே படலம் இருக்கிறதே! 24 மணி நேரம் அப்படியே விட்டு, முழுக்க வெளியேற்றுங்கள். அந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. பையைத் திறந்ததும் மூக்கில் ஏறாத, ஈரம் பட்டுக் கட்டியான பவுடரில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புதான். அதை நம்பாதீர்கள்.

தயவுசெய்து ஒன்று: பவுடரோடு ஆசிட்டையோ கழிப்பறை கிளீனரையோ சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய தொட்டிக்குள் ஆள் இருந்தால் உயிருக்கே ஆபத்து. தேய்க்க இறங்குபவரைத் தனியாக விடாதீர்கள், வெளியே ஒருவர் நிற்க வேண்டும்.

குளோரின் கலந்து வரும் குடிநீரில், குழாயில் பிடிக்கும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஊராட்சித் தொட்டி ஆபரேட்டர்கள் சின்னக் குப்பியில் நீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்பது இதைத்தான். அந்தத் தொட்டிகளில் சுத்தம் செய்த தேதியைப் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். வீட்டுத் தொட்டி மூடியிலும் அப்படி ஒரு தேதியை எழுதி வையுங்கள்.