திசைவி வேண்டாம், தடப்பொருத்தி போதும்

இணையச் செயலியில் எந்த முகவரிக்கு எந்தத் திரை என்று பார்த்துக்கொள்ளும் நிரல்தொகுப்பு ரியாக்ட் ரவுட்டர். அதைப் பற்றிய ஒரு தமிழ்க் குறிப்பைப் போன வாரம் படித்தேன். இந்த முகவரிக்கு இந்தத் திரை என்று எழுதிவைக்கும் வரியான ரூட்டும் வழிசெலுத்தல், ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நேவிகேஷனும் வழிசெலுத்தல். ரவுட்டர் மட்டும் வழக்கம்போல் திசைவி. வழிசெலுத்தலை முதலில் எழுதிவைத்துவிட்டு அப்புறம் வழிசெலுத்த வேண்டுமாம். மூலத்தைத் திறந்து பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

ரூட் என்பது லத்தீன் 'ருப்தா'விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. உடைத்துத் திறந்த பாதை என்று பொருள். நேவிகேஷனில் இருப்பது 'நாவிஸ்', அதாவது கப்பல். நாவாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வருபவர்கள் கொஞ்சம் பொறுக்கவும், அது வேறு சண்டை.

திசைவிக்கு வருவோம். திசை என்ற பெயர்ச்சொல்லில் 'வி' எப்படி ஒட்டியது என்று கேட்க மாட்டேன். வலைப்பின்னல் பெட்டிக்கு அந்தப் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். அது பொதியின், அதாவது வலையில் போகும் தரவுத் துண்டின், முகவரியைப் பார்த்து, அடுத்து எந்தப் பக்கம் தள்ளுவது என்று முடிவு செய்கிறது. அங்கே பயணம் உண்டு, திசையும் உண்டு.

திரையில் என்ன நடக்கிறது? ஒருவர் இணைப்பை அழுத்துகிறார். பக்கத்தை மறுபடி ஏற்றாமல் முகவரியை மட்டும் மாற்றும் உலாவி வசதியான 'புஷ்ஸ்டேட்' முகவரிப் பட்டையில் /நூல்கள்/42 என்று மாற்றுகிறது. புதுப் பக்கம் கேட்டு சர்வருக்கு யாரும் போகவில்லை. ரவுட்டர் தன் பட்டியலை எடுத்து, /நூல்கள்/:எண் என்ற வரியோடு முகவரி பொருந்துவதைக் கண்டு, 42-ஐ உருவி உரிய கூறிடம், அதாவது அந்தத் திரையை வரையும் நிரல்துண்டிடம், கொடுக்கிறது. பின்செல் பொத்தானை அழுத்தினால் மறுபடி அதே ஒப்பீடு. முகவரியும் ஒரு நிலைதான், அதாவது செயலி நினைவில் வைத்திருக்கும் ஒரு மதிப்பு. நிலை மாறினால் திரை தானாக மாறும். இதில் எதை எந்தத் திசைக்கு அனுப்பினார்கள்?

ரியாக்ட் ரவுட்டரின் 5-ஆம் பதிப்பில் வரிகளைச் சுற்றிப் போடும் 'ஸ்விட்ச்' என்ற கூறு முதலில் பொருந்திய வரியை எடுத்துக்கொள்ளும். 2021-இல் வந்த 6-ஆம் பதிப்பு, பொருந்துகிறவற்றில் எது மிகக் கச்சிதம் என்று தரம் பார்த்து எடுக்கிறது. வேலையே பொருத்தம் பார்ப்பதுதான்.

பெயர் தவறினால் நஷ்டமும் உண்டு. அதே /நூல்கள்/42-இல் நின்று பக்கத்தைப் புதுப்பித்தால் சில தளங்களில் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற பிழை வரும். பட்டியல் உலாவிக்குள் இருக்கிறது. சர்வருக்கு அப்படி ஒரு பாதையே தெரியாது. எந்தப் பாதை கேட்டாலும் முதல் பக்கத்தையே கொடு என்று சர்வரிடம் சொல்லிவைத்தால் சரியாகிவிடும். திசைவி என்று படித்து வந்தவர் வலைப்பின்னலில் கோளாறு தேடிக்கொண்டிருப்பார்.

வழிசெலுத்தல் இன்னும் மோசம். படகைச் செலுத்தலாம், வண்டியைச் செலுத்தலாம். வழியை எப்படிச் செலுத்துவது? வழியில் செலுத்துவது என்று விரித்தால், எதை என்ற கேள்வி தொங்குகிறது. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டி, மூலத்தின் இரண்டு சொல்லுக்கும் அதையே போடும் மொழிபெயர்ப்பாளர், ஒரு தரம் அந்த நிரலை ஓட்டிப் பார்த்திருக்கலாம்.

என் கணக்கு இது: ரூட்டுக்கு வழித்தடம், ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருப்பது. வெறும் தடம் என்றால் சுவடு என்றும் படும், அதனால் தனியாக வரும்போது முழுதாகவே எழுதுகிறேன். நேவிகேஷனுக்குத் திரைமாற்றம். ரவுட்டருக்குத் தடப்பொருத்தி. நீளம் என்பவர்கள் ரவுட்டர் என்றே எழுதட்டும், எனக்குக் கோபமில்லை. திசைவி என்றால்தான்.