‘ஓவ்’ என்றால் மகன் இல்லை: திமித்ரோவ்

பல்கேரிய டென்னிஸ் வீரர் கிரிகோர் திமித்ரோவ் ஒரு நல்ல ஆட்டம் ஆடினால் போதும், யாராவது ‘டிமிட்ரோவ் என்றால் டிமிட்ரியின் மகன்’ என்று விளக்கம் கொடுக்க வந்துவிடுகிறார்கள். போன மாதம் ஒருவர் ‘டிமிட்ரிமைந்தன்’ என்றே எழுதியிருந்தார், அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

வேர் கிரேக்கம். தானியத் தெய்வம் தெமேத்தரைச் சேர்ந்தவர் தெமேத்ரியோஸ், அது பல்கேரியாவில் திமித்தர் ஆனது, அதோடு ‘ஓவ்’ சேர்ந்து திமித்ரோவ்.

இந்த ‘ஓவ்’ மகன் என்ற சொல்லே இல்லை. நம் ‘உடைய’ மாதிரி: திமித்தருடைய. ஆனால் பெயரடை போல ஆண்பால் பெண்பால் பார்த்து மாறும், அதனால்தான் பெண்ணுக்கு ‘ஓவா’. 1992இல் பல்கேரியாவின் துணைக் குடியரசுத் தலைவரான கவிஞர் பிளாகா திமித்ரோவாவையும் ஓபரா பாடகி கெனா திமித்ரோவாவையும் என்னவென்று எழுதுவார்களாம், டிமிட்ரிமைந்தி என்றா?

சரி, கிரிகோரின் அப்பா பெயர் திமித்தர்தானே என்பார்கள். ஆமாம். ஜெர்மன் நாடாளுமன்றமான ரைக்ஸ்டாக் தீவைப்பு வழக்கில் லைப்சிக் நீதிமன்றத்தில் நாஜிகளுக்கு நேருக்கு நேர் வாதாடி 1933 டிசம்பரில் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வாங்கிய பல்கேரியக் கம்யூனிஸ்ட் தலைவர் கெயோர்கி திமித்ரோவின் அப்பாவும் திமித்தர்தான். பல்கேரியாவில் அப்பா பெயருக்கும் அதே ‘ஓவ்’தான், நம் இனிஷியல் மாதிரி நடுவில் வரும். குடும்பப் பெயராக வரும்போது அந்தத் திமித்தர் எத்தனை தலைமுறைக்கு முந்தியவரோ, ‘மைந்தன்’ என்றால் படிக்கிறவர் அப்பாவைத்தான் தேடுவார். பொருள் சொல்லியே ஆகவேண்டும் என்றால் ‘திமித்தர் வகையறா’ என்று சொல்லுங்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும். வகையறா தமிழே இல்லை என்று தூய்மைவாதிகள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும், ஊர்க்கோயில் வரிப் புத்தகத்தில் அதுதான் இருக்கிறது. பெயராக எழுதும்போது எதையும் மொழிபெயர்க்க வேண்டாம்.

அப்புறம் இந்த ‘டி’. பல்கேரிய மொழியில் அந்த ஒலிகள் நாக்கு பல்லில் படுகிற ஒலிகள், நம் ‘த’ அதற்கென்றே செய்தது போல இருக்கிறது. தினம், தீபம் என்பதை எப்படிச் சொல்கிறோமோ அப்படியே திமித்ரோவ். ஆங்கிலத்தைப் பார்த்து எழுதுகிறவர்கள்தான் 1947இல் எழுந்த திமித்ரோவ்கிராத் நகரத்தை ‘டிமிட்ரோவ்கிராட்’ ஆக்கி, ஒரே பெயரில் மூன்று முறை நாக்கை மடிக்க வைக்கிறார்கள். உண்மையில் திமித்ரோவின் கடைசி ‘வ்’ கூட பல்கேரியர் வாயில் ‘ஃப்’ என்றுதான் விழும். அதுவரை போகச் சொல்லவில்லை, ‘த’ போட்டால் போதும்.